இரண்டு இன்ஜினோடு கிளம்பிய கப்பல்

ஞாயிற்றுக்கிழமை மகிமை தேவ இரகசியம் சொல்ல வேண்டும். அமலோற்பவத்தின் வாய் அதுபாட்டுக்குத் துக்க தேவ இரகசியத்தில் போய் இறங்கியிருந்தது. மாதாவே பொறுத்துக்கொள் என்று மணியைப் பின்னுக்குத் தள்ளி மறுபடி ஆரம்பித்தாள். செபமாலை உள்ளங்கையில் வியர்த்திருந்தது. மாதா சுரூபத்துக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. மூட்டு வலி முழங்காலில் நிற்க விடாமல் ஆன பிறகு சின்னவன் கிளிட்டஸ் வாங்கிப் போட்டது. அதில் உட்கார்ந்தால் நேரே மாதா தெரிவாள், கண்ணைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்தால் சாப்பாட்டு மேசையும், அதில் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்து உட்கார்ந்திருக்கும் கிளிட்டஸின் முதுகும் தெரியும். செப நேரத்தில் கண்ணைச் சாய்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே சாய்த்தாள். சட்டை முதுகில் நனைந்திருந்தது. பின்னே, துறைமுகத்துக் கன்டெய்னர் கிடங்கில் ஞாயிற்றுக்கிழமையும் பகல் முழுக்க நின்றுவிட்டு வந்தவன், குளிக்கக்கூட இல்லை, நேரே அந்தப் பெட்டியைத் திறந்துவிட்டான். காதில் மாட்டுவதை மாட்டவில்லை. மாட்டினால் காது வலிக்கிறதாம். அதனால் பேசுகிறவர்கள் சத்தமெல்லாம் வீடு முழுக்கக் கேட்கும். அண்ணன் குரல் அம்மா காதில் விழட்டும் என்றுதான் இப்படித் திறந்து விடுகிறானோ என்று அவளுக்கு ஒரு நினைப்பு உண்டு. கேட்டதில்லை. கேட்டால் அடுத்த ஞாயிறு மாட்டிக்கொள்வான். மருமகள் கோயிலில் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தாள். நல்லதாய்ப் போயிற்று, இன்றைக்கு இந்த வீட்டில் ஆள் குறைவாக இருப்பதே நல்லது. காலையில் சாயா குடிக்கும்போதே கிளிட்டஸ் சொல்லிவிட்டான். "இன்னைக்கு எனக்கும் அவனுக்கும் எதிரெதிரா சீட்டு விழுந்திருக்கும்மா. ஒரு வார்த்தை கூடக்கொறயப் பேசுனான்னா குரூப்ப விட்டே வெளிய வந்துருவேன், பாத்துக்கிடுங்க." அவன் என்றால் அண்ணன். பெரியவன். ஸ்தனிஸ்லாஸ்.

வெகாரா என்று ஒரு கப்பல். தண்ணீரில் போகிற கப்பல் இல்லை, நட்சத்திரங்களுக்கு நடுவே போகிறது, வெளிநாட்டுக்காரன் எடுத்த சீரியல். பையன்கள் இரண்டு பேரும் நிக்கர் போட்டுத் திரிந்த காலத்தில் தமிழில் பேச வைத்து ஞாயிற்றுக்கிழமை போடுவார்கள். முதல் பூசை முடிந்து சாமியார் ஆசீர் கொடுப்பதற்குள் இரண்டும் பீடத்துக்கு முதுகைக் காட்டி ஓடும். வீட்டில் டிவி இல்லை, பக்கத்து வீட்டு ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டு பார்த்துவிட்டு வந்து, மக்ரூன் வாங்கின அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டிக் கப்பல் செய்வார்கள். பெரியவன் இன்ஜின் ஒட்டுவான், சின்னவன் ஜன்னல் வரைவான். பசைக்கு அவள் வடித்த கஞ்சியைத் திருடுவார்கள். அந்தச் சீரியல் முடிந்தது என்று நினைத்தால் முடியவில்லை. வேறு ஆட்களை வைத்து எடுத்தான், சினிமாவாக எடுத்தான், இப்போது போனில் பார்க்கிற மாதிரி எடுத்திருக்கிறான். அதையே நினைத்துக்கொண்டு வளர்ந்த ஆட்கள், மீசை நரைத்தவர்கள்கூட, மாதத்தில் ஒரு ஞாயிறு சாயங்காலம் இப்படிக் கூடிப் பேசுகிறார்கள். வெகாரா மாலுமிகள் என்று குழுவுக்குப் பேர். முதலில் அவளுக்குச் சிரிப்பாக வந்தது. பிறகு, இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தோன்றிற்று. நம்பினதை விட்டுவிட மாட்டேன் என்று உட்கார்ந்து யோசிக்கிறார்கள், அவ்வளவுதானே. ஆண்டவரின் கல்லறைக்கு அதிகாலையில் போன பெண்கள் எத்தனை பேர், சுவிசேஷத்தில் ஒருத்தர் ஒரு மாதிரி எழுதி வைத்திருக்கிறார், இன்னொருத்தர் வேறு மாதிரி. சின்ன வயதில் அது அவளைத் தூங்க விடவில்லை. இரண்டையும் தள்ளிவிட முடியாது. அதுபோலத்தான் இவர்களுக்கும். பழைய சீரியலில் ஒன்று சொல்லியிருப்பான், புதியதில் அதற்கு மாறாகக் காட்டியிருப்பான். அதற்குக் கிழிசல் என்று பேர் வைத்திருக்கிறார்கள். கிழிசலைத் தைக்க வேண்டும். எப்படித் தைப்பதென்றால், எழுதினவன் மறந்துவிட்டான் என்று சொல்லவே கூடாது. அந்த வார்த்தை அந்தக் குழுவில் செல்லாது. பழையதும் நடந்தது, புதியதும் நடந்தது, இரண்டும் எப்படி நடந்திருக்கும் என்று சொல். முதலில் பழையதுக்கு ஒருத்தர், புதியதுக்கு ஒருத்தர் என்று சீட்டுக் குலுக்கி வாதாட விடுவார்கள். கிளிட்டஸ் அவளிடம் இதைச் சொன்னபோது, இது செபத்துக்குக் கிட்டத்தில் இருக்கிற வேலையாக இருக்கிறதே என்று நினைத்தாள். வாய்விட்டுச் சொல்லவில்லை.

பரலோக மந்திரம் எங்கே விட்டது. பெரிய மணியைத் தாண்டிவிட்டாளா, தாண்டவில்லையா. கப்பலென்றாலே அவளுக்கு ஒரு பயம், அது போகாது. ஸ்தனிஸ் முதன்முதலில் இன்ஜின் ஃபிட்டராகக் கப்பல் ஏறிப் போன வருஷம், கிளிட்டஸ் போனில் யாரிடமோ, "வெகாராவுக்கு இன்ஜின் போயிருச்சுல, எல்லாரும் செத்தான்" என்று சிரித்துக்கொண்டு சொன்னது அவள் காதில் விழுந்தது. ஸ்தனிஸின் கப்பல் பேர் அவளுக்கு வாயில் நுழையாத ஒரு பேர், அதுவும் இதுவும் அன்றைக்கு அவள் தலைக்குள் ஒன்றாகிவிட்டது. யாரிடமும் கேட்கப் பயந்து, நேரே சாமியாரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அடுத்த நாள் பூசையில், வெகாரா என்னும் கப்பலில் ஆபத்தில் இருக்கும் நம் சகோதரர்களுக்காக மன்றாடுவோம் என்று உபதேசியார் வாசிக்க, கோயில் முழுக்க எழுந்து நின்று மன்றாடிற்று. கிளிட்டஸ் பின்வரிசையில் இருந்து வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லி, கடலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தன், இந்தப் பக்கம் ஒருத்தன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "அம்மா, நீங்க வேண்டுனதுலதாம்மா அடுத்த வாரம் கப்பல் தப்பிச்சிட்டு" என்றான் ஸ்தனிஸ். அவர்கள் அப்பா கஸ்பார் கூட, எப்போதும் கடுகடுவென்று இருக்கிற மனுஷன், கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். கஸ்பார். அந்தத் தோள். மாதாவே, இதைத்தான் நினைக்கக் கூடாது என்று இருந்தேன், பார், நீயே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து விட்டுவிடுகிறாய். மழை நாளில் போனார். ஸ்தனிஸ் எங்கோ ஒரு துறைமுகத்தில் இறங்கி, விமானம் மாறி மாறி வந்துகொண்டிருந்தான். வருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. கிளிட்டஸ்தான் முடிவு செய்தான், இன்றைக்கே அடக்கம் என்றான், சவப்பெட்டிக்குச் சொன்னான், சாமியாரிடம் போனான், ஒருத்தர் பேச்சையும் கேட்கவில்லை. மறுநாள் ஸ்தனிஸ் வந்தான். நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போய் ஈர மண்ணில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தான். பயணப் பெட்டியை வாசல் நடையில் வைத்தான். தம்பியைப் பார்த்து, "ஒரு நாள் பொறுக்க மாட்டியா" என்றான். அவ்வளவுதான்.  கிளிட்டஸ் ஏதாவது சொல்லியிருக்கலாம், சண்டையாவது போட்டிருக்கலாம். முப்பதாம் நாள் பூசைக்குக்கூட இருக்காமல் பெரியவன் போய்விட்டான். அதற்குப் பிறகு ஒருத்தனோடு ஒருத்தன் பேச்சில்லை.

பேச்செல்லாம் அவள் வழியாகத்தான். அம்மாவுக்குச் சர்க்கரை பார்த்தாச்சான்னு அவன்ட்ட கேளுங்க. பார்த்தாச்சுன்னு அவன்ட்ட சொல்லுங்க. வீட்டுக்கு ஓடு மாத்தணும்னு சொல்லுங்க. அவன் இஷ்டம்னு சொல்லுங்க. இரண்டு வருஷமாக அவள் குழாய் மாதிரி நடுவில் கிடக்கிறாள். சும்மா குழாயாகக் கிடந்தாலும் பரவாயில்லை. போகிற வார்த்தையைக் கழுவித்தான் அனுப்புகிறாள். "வந்தா வரட்டும், வராட்டி அங்கயே கெடக்கட்டும்" என்று இவன் சொன்னால், தம்பி உன்னைத் தேடுதான்யா என்று அவனிடம் போகும். "எனக்கு அங்க யாரு இருக்கா" என்று அவன் சொன்னால், தம்பியக் கேட்டதாச் சொல்லச் சொன்னான் என்று இவனிடம் வரும். அம்மா கழுவித்தான் கொடுக்கிறாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதனால் அவள் கொண்டுவருகிற எந்த வார்த்தையையும் இரண்டு பேரும் நம்புவதில்லை. கழுவாமல் கொடுத்துவிடவும் பயம். மிச்சம் இருப்பது இந்த மாலுமிக் குழு ஒன்றுதான். அதில் இருந்து இரண்டு பேரும் வெளியே போகவில்லை. ஒருத்தன் பேசுவதை ஒருத்தன் கேட்டுக்கொண்டு இருப்பான், நேராகப் பேச மாட்டான். மாதத்தில் ஒரு சாயங்காலம் இரண்டு மக்களின் குரலும் ஒரே அறையில் கேட்கிறது. அதுவும் இன்றைக்குப் போய்விடும். எதிரெதிர்ச் சீட்டு. மாதாவே, சீட்டைக் குலுக்கின கையை நீயாவது கொஞ்சம் தட்டிவிட்டிருக்கக் கூடாதா.

"சரி, எல்லாரும் வந்தாச்சா?" என்று ஒரு வயதான குரல் கேட்டது. ரகோத்தமன் என்று மெட்ராஸ்காரர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், அவர்தான் நடுவர். "இன்னிக்குக் கிழிசல், இன்ஜின் ரெண்டா மூணா. பழைய வெகாராவுக்கு மூணு. ரெண்டு பக்கவாட்டுல, ஒண்ணு அடிவயித்துல. மூணும் வெகாரா பொறந்த அன்னிக்கே கூடப் பொறந்ததுன்னு தலைமை இன்ஜினியர் சொல்றார், நம்ம எல்லாருக்கும் மனப்பாடம். இப்போ புதுசா எடுத்திருக்கிறதுல, கட்டுத்துறையை விட்டு முதல் முதலாக் கிளம்பற காட்சியில அடிவயிறு காலி. ரெண்டுதான். ஸ்தனிஸ், நீ மூணுக்கு. கிளிட்டஸ், நீ ரெண்டுக்கு." ஒரு பெண் குரல் குறுக்கே வந்தது, கோயமுத்தூர்ப் பேச்சு, சுகிர்தா என்று ஒரு பள்ளிக்கூட டீச்சர், இவள் பேசினாலே அமலோற்பவத்துக்குப் பிடிக்கும். "ஏனுங்க, அதுக்கு முன்னால ஒண்ணு. அந்த அடிவயித்து இன்ஜினுக்கு ஏணி எங்கீங்க? பழசுல அந்த இன்ஜினியரு சுவத்துக்குள்ள பூந்து சுவத்துல இருந்து வாரார்." "ஏணி போன வருஷமே தைச்சாச்சும்மா சுகிர்தா." "அந்தத் தையல் பிரிஞ்சுபோச்சுங்க சார்." எல்லாரும் சிரித்தார்கள். கிளிட்டஸின் முதுகு சிரிக்கவில்லை. மங்கள வார்த்தை செபத்தை அவள் மெதுவாகச் சொன்னாள், செபமாலையில் இரண்டு மணி நகர்ந்தால் ஒரு செபம் என்று ஓடிக்கொண்டிருந்தது. பிறகு இரைச்சலோடு, காற்றில் துணி அடிபடுகிற மாதிரி இடையிடையே அறுந்து, ஸ்தனிஸின் குரல் வந்தது. எந்தக் கடலில் நிற்கிறானோ. அவள் கை தானாக நெஞ்சில் போய் நின்றது. சளி பிடித்திருக்கிறது இவனுக்கு. மூக்கில் பேசுகிறான். யார் கஷாயம் போட்டுக் கொடுப்பார்கள். "மூணுதான். பேச்சே இல்ல. நான் இன்ஜின் ரூம்ல நிக்கிறவன் சொல்லுதேன், கட்டி முடிக்காத கப்பல ஒரு கேப்டனும் எடுக்க மாட்டான்." "உங்க கப்பல் தண்ணியில போறதுங்கண்ணா, இது ஆகாசத்துல" என்றாள் சுகிர்தா. "எதுல போனா என்ன, எடை எடைதான. அடியில பாரம் இல்லைன்னா மூக்கு தூக்கும். கிளம்புற காட்சியில மூக்கு தூக்குதா? தூக்கல. அப்ப அடியில ஏதோ இருக்கு. நமக்கு அந்தப் பக்கத்துல இருந்து காட்டல, அம்புட்டுதான்." நன்றாகப் பேசினான். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் நன்றாகப் பேசினான் என்று தெரிந்தது.

"முன்னால பேசுனவர் சொல்லுதாரு, நமக்குக் காட்டலைன்னு." இது கிளிட்டஸ். முன்னால் பேசினவர். கூடப் பிறந்தவனை, ஒரே தட்டில் சோறு தின்றவனை, முன்னால் பேசினவர் என்று. அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். "காட்டியிருக்கான். அடியில இருந்து ஒரு தடவை காட்டியிருக்கான், நிறுத்தி வச்சுப் பாருங்க. மூணாவது இன்ஜின் மாட்டுற தாங்கி இருக்கு, இன்ஜின் இல்ல. ரெண்டோடதான் கிளம்புனாவ." "ஏன் கிளம்பணும்?" என்றது கடலில் இருந்து வந்த குரல். சட்டென்று வந்தது, இரைச்சல்கூட அந்த நேரம் ஒதுங்கிக்கொண்ட மாதிரி. "மூணாவது இன்ஜின் இல்லாமலா போச்சு? வேற எடத்துல இருந்து வந்துக்கிட்டிருக்கு. வழியில இருக்கு. வந்துக்கிட்டே இருக்குன்னு தெரியும். ஒரு நாள். ஒரு நாள் பொறுத்தா வந்துரும். பொறுக்க மாட்டாவளா?" செபமாலை அவள் விரலில் நின்றுவிட்டது. ஒரு நாள். வாசல் நடையில் பெட்டியை வைத்துவிட்டு நின்ற அதே ஒரு நாள். குழுவில் இருப்பவர்களுக்கு இவர்கள் அண்ணன் தம்பி என்று தெரியும், இந்த ஒரு நாள் தெரியாது. "நல்ல கேள்விதான், ஆனா சூடா இருக்கே" என்று ரகோத்தமன் கனைத்தார். கிளிட்டஸ் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிய சத்தம் கேட்டது. எழுந்துவிட்டான். போகப் போகிறான். அந்தக் கம்ப்யூட்டரை மூடப் போகிறான். மாதாவே மாதாவே மாதாவே என்று அவளுக்கு அந்த ஒரு வார்த்தைக்கு மேல் செபம் வரவில்லை. அவன் மூடவில்லை. எழுந்து நின்றபடியே பேசினான். குரல் தணிந்திருந்தது. "பொறுத்திருக்கலாம். ஆனா கப்பலுக்குள்ள ஒரு சீக்காளி இருந்தாவ. அவங்களால இன்னொரு ராத்திரி தாங்க முடியாது. டாக்டர் கேப்டனைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருப்பாரு, இன்னும் இப்படியே வச்சுக்கிட்டிருந்தா இவங்களையும் சேத்துத்தான் பறிகொடுக்கணும்னு. அதனால கிளம்புனான்." "அப்படி ஒரு காட்சியே கெடையாதே" என்றான் ஸ்தனிஸ். "கெடையாது. கேப்டன் யார்ட்டயும் சொல்லல. சொன்னா, இவங்களாலதான் பொறுக்க முடியாமப் போச்சுன்னு பழி அவங்க மேல விழும். அவங்களே அதைக் கேட்டுக்கிட்டு மீதி நாளும் வாழணும். அதனால தன் மேலயே போட்டுக்கிட்டான்." இரைச்சலுக்குள் ஸ்தனிஸ் மூக்கை உறிஞ்சினான். "யாரு அந்தச் சீக்காளி?" "சீரியல்ல பேர் சொல்லல" என்றான் கிளிட்டஸ்.

அறைக்குள் என்னவோ ஓடிக்கொண்டிருந்தது நின்றுபோன மாதிரி இருந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. கஸ்பார் போன அன்றைக்கு அவள் என்ன செய்தாள். யோசித்தால் ஒரு வெள்ளைத் துணிதான் தெரிகிறது, கஸ்பாரின் தாடையைக் கட்டியிருந்த துணி, அதன் முடிச்சு. அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டு ஐஸ் பெட்டியின் விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள், வேண்டாம் என்றாள். யாரோ மாத்திரை. யாரோ கையைப் பிரிக்கப் பார்த்தார்கள். ஊசி குத்தின மாதிரி ஒரு நினைப்பு இருக்கிறது, அது அன்றைக்கா, பிறகா. கீழே விழுந்தாளாம், டாக்டர் வந்தாராம், சொன்னார்கள், அவளுக்கு நினைப்பில்லை. அதற்குப் பிறகுதான் கிளிட்டஸ் பேயறைந்த மாதிரி எழுந்து இன்றைக்கே என்றான். அவள் அப்போது நினைத்தது என்ன தெரியுமா, இந்தப் பயல் எப்போதும் அவசரக்காரன், சோறு வேகும் முன்னால் தட்டைப் போடுகிறவன். அதையே இரண்டு வருஷமும் நினைத்திருந்தாள். ஸ்தனிஸிடம், தம்பி சின்னப் பிள்ளைபோல அவசரப்பட்டுட்டான்யா, மனசுல வைக்காத என்று அவளே எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள், கிளிட்டஸும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பான், ஒரு வார்த்தை மறுத்ததில்லை, துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விடுவான். குளித்துக்கொண்டே இருப்பான். ஆண்டவரே. மாதாவைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. நீல முக்காட்டின் ஓரத்தில் வண்ணம் உரிந்திருக்கிறது, அதையே பார்த்தாள்.

"சரி, பக்கம் மாறணும்" என்று ரகோத்தமன் சொன்னது வெகுதூரத்தில் கேட்டது. இதுவும் அந்தக் குழுவின் பழக்கந்தான். வாதாடி முடித்ததும் இரண்டு பேரும் இடம் மாறிக்கொள்ள வேண்டும். இதுவரை எதை மறுத்தாயோ அதற்காக இனிப் பேசு. அப்படிப் பேசினால்தான் தையல் விழும் என்பது ரகோத்தமனின் கட்சி. பல பேர் இந்த இடத்தில் சிரித்து மழுப்பிவிடுவார்கள். சுகிர்தா ஒருமுறை எதிர்ப்பக்கத்துக்காகப் பேசுகிறேன் என்று எதிர்ப்பக்கத்தையே ஏசி முடித்தாள். "யாராச்சும் முதல்ல ஆரம்பிங்கப்பா."  தெருவில் ஐஸ் வண்டிக்காரன் மணியடித்துக்கொண்டு போனான். கிளிட்டஸ் மெதுவாக உட்கார்ந்தான். "பொறுத்திருக்கணும்" என்றான். "சீக்காளிக்கு வேற வழி பாத்திருக்கலாம். டாக்டர் சொன்னா சொன்னதுதானா, இன்னொரு டாக்டர் இல்லையா. மூணாவது இன்ஜினை ஏத்திக்கிட்டு வாறவன், கட்டுத்துறை வெறிச்சுக் கெடக்கத பாக்கும்போது அவனுக்கு எப்படி இருக்கும், ஆள் இல்ல, வெளக்கு இல்ல, கயித்தக்கூடச் சுருட்டிட்டாவ. அதை நான் யோசிக்கல." நிறுத்தினான். "கேப்டன் யோசிக்கல" என்று திருத்திக்கொண்டான்.  இரைச்சல் கூடிற்று, குறைந்தது. ஸ்தனிஸ் பேசத் தொடங்கியபோது மூக்கடைப்பு இன்னும் அதிகமாகியிருந்தது. "கிளம்புனது சரிதான். நான் இப்ப அந்தப் பக்கத்துக்குப் பேசுதேன். ரெண்டோட கிளம்புனது சரி. சீக்காளி இருந்தது வாறவனுக்குத் தெரியாது. தெரியாதுன்னாலும், இன்னொண்ணு இருக்கு. இன்ஜினைக் கொண்டு வந்தவனோட ரேடியோ வழியில அணைஞ்சு கெடந்தது. வந்து சேந்தப்புறம் தொறந்து பாக்கான். கட்டுத்துறையில இருந்து கூப்புட்டிருக்காவ. கிளம்புற நிமிசம் வரைக்கும் திரும்பத் திரும்பக் கூப்புட்டிருக்காவ. கூப்புட்ட தடம் வரிசையாக் கெடக்கு. அதைப் பாத்துட்டும் அவன் யார்ட்டயும் சொல்லல. சொன்னா கோவப்பட முடியாதுல்லா. அதனால சொல்லல." அடக்கத்தன்று கல்லறைத் தோட்டம். குழிக்கு முன்னால் சாமியார் தீர்த்தச் செம்போடு காத்து நிற்க, கிளிட்டஸ் மழையில் ஓரமாக ஒதுங்கிப் போனைக் காதில் வைத்துக்கொண்டே நின்றான். எடுப்பான், வைப்பான், எடுப்பான். அப்பனைக் குழியில் இறக்கும்போதும் இவனுக்கு ஆபீஸ் பேச்சா என்று அக்கம்பக்கத்தில் முணுமுணுத்தது அவள் காதில் விழுந்து, வெட்கமாக இருந்தது அவளுக்கு. வெட்கம். தான் பெற்ற பிள்ளையைப் பற்றி.

"அப்போ இப்படி வச்சுக்கலாமா" என்றார் ரகோத்தமன், கண்ணாடியைக் கழற்றினவர் குரல்போல இருந்தது, ஏதோ மங்கலாக. "வெகாரா ரெண்டோட கிளம்பிட்டா. மூணாவது பின்னாலயே தேடிண்டு வந்து நடுவழியில சேந்தது. தலைமை இன்ஜினியர், மூணும் சேந்த அன்னிக்குத்தான் கப்பல் பொறந்ததாக் கணக்கு வச்சிருக்கார். பழசும் சரி, புதுசும் சரி. யாருக்காவது ஆட்சேபம்?" "எனக்கு இல்லீங்க சார்" என்றாள் சுகிர்தா. ஏணியைப் பற்றி அவள் கேட்கவில்லை. "நான் கிளம்பறேனுங்க, வீட்டுல வேலை கெடக்குது." ஒவ்வொருவராக விடைபெற்றார்கள். டொக் டொக்கென்று ஒரு சத்தம் வரும் ஒவ்வொருவர் போகும்போதும். கடைசியாக ரகோத்தமன், "வரேன்ப்பா, ரெண்டு பேரும் உடம்பைப் பாத்துக்கோங்கோ" என்றார். டொக்.  இரைச்சல் மட்டும் இருந்தது. கிளிட்டஸின் கை கம்ப்யூட்டரின் மூடிமேல் இருந்தது. மூடவில்லை. அந்தப் பக்கம் ஸ்தனிஸும் வைக்கவில்லை. இரைச்சலுக்குள் ஒரு இன்ஜின் ஓடுகிற முனகல், யாரோ இரும்பை இரும்பில் தட்டுகிறார்கள், மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அவள் மூச்சைக் கூடச் சத்தமில்லாமல் விட்டாள்.

"அம்மா" என்றான் கிளிட்டஸ். திரும்பாமலே. "அம்மா, இங்க வாங்களேன். அண்ணன் லைன்ல இருக்கான்." அண்ணன். அவன் என்று சொல்லாமல், அண்ணன் என்று. அவள் கால்கள் ஏற்கெனவே தரையில் ஊன்றிவிட்டன. பெரியவன் குரலை இந்நேரம் அவள் கேட்க வேண்டும், ஏன்யா சளி, சுக்கு வச்சிருக்கியா, நெஞ்சுல தைலம் தேச்சியா என்று கேட்க வேண்டும், நாக்கு நுனியில் வந்து நிற்கிறது. போனால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. அவள் அந்த மேசைக்கு முன்னால் போய் உட்கார்ந்ததும் இரண்டு பேரும் நிம்மதியாகப் பெருமூச்சு விடுவார்கள். அவன் அவளிடம் பேசுவான், இவன் அவளிடம் பேசுவான். சாப்பிட்டானான்னு கேளுங்க. சாப்பிட்டேன்னு சொல்லுங்க. இப்போது அந்த இரைச்சலுக்குள் திறந்து கிடப்பது எதுவோ, அது அவள் புடவைத் தலைப்பில் துடைத்துச் சுத்தமாகி, மடித்து அலமாரிக்குள் போய்விடும். "அம்மா" என்று மறுபடி கூப்பிட்டான், நாற்காலியைத் திருப்பி எட்டிப் பார்த்தான். அமலோற்பவம் கண்ணை மூடிக்கொண்டாள். உதடுகளை அசைத்தாள். செபம் எதுவும் இல்லை அதில், ஒரு வார்த்தை இல்லை, வெறும் உதடு. பிறந்து இத்தனை வருஷத்தில் மாதாவுக்கு முன்னால் அவள் அப்படிச் செய்ததே கிடையாது. பொய்யாகச் செபமாலையை உருட்டினாள். நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும், இந்தப் பொய்யை நீதான் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று உள்ளே நடுங்கிக்கொண்டு, உதட்டை மட்டும் நிறுத்தாமல் அசைத்தாள். அவன் பார்த்துக்கொண்டு இருப்பது மூடிய இமைக்குள் தெரிந்தது.  திரும்பினான். "செபத்துல இருக்காவ" என்றான் மேசையைப் பார்த்து. "கூப்புடாத, இருக்கட்டும்" என்றது கடலுக்கு அந்தப் பக்கத்துக் குரல். அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் ஒளிய இடம் இல்லை. இரும்பை இரும்பில் தட்டும் சத்தம் நின்றுவிட்டது. அவள் உதடுகள் ஓடிக்கொண்டே இருந்தன, மணி ஒன்றன்பின் ஒன்றாக வெறுமனே நகர்ந்தது. நாற்காலி முன்னுக்கு இழுபடும் சத்தம் கேட்டது. கிளிட்டஸ் தொண்டையைச் செருமினான்.

"அன்னைக்கு அம்மா தண்ணி கூடக் குடிக்கலண்ணே" என்றான்.